ஸ்கைடைவிங் ரிக் வாங்கும் முன் உற்பத்தியாளர்களை ஒப்பிடுவது எப்படி?

சொந்தமாக ஒரு ரிக், அதாவது விமானத்திலிருந்து குதிக்கும்போது மாட்டிக்கொள்ளும் முழு பாராசூட் தொகுப்பு, வாங்க நினைக்கும் ஸ்கைடைவர் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்பதுதான். இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஏனெனில் ஒரு முழு ரிக்கை ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்குபவர்கள் குறைவு. முதுகில் மாட்டும் பையான கன்டெய்னரும் அதனுடன் சேர்த்துத் தைக்கப்பட்ட, உடலோடு கட்டும் பட்டைகளான ஹார்னஸும் ஒரு நிறுவனத்திடமிருந்து வரும். வழக்கமாகத் திறக்கும் பாராசூட்டான மெயின் கேனபியும், அது பழுதானால் திறக்கும் மாற்றுப் பாராசூட்டான ரிசர்வும் வேறு நிறுவனங்களிடமிருந்து வரலாம். குதித்தவர் உரிய உயரத்திலும் எதையும் திறக்காமல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானே திறந்துவிடும் ஏஏடி என்னும் மின்னணுக் கருவி மற்றொரு நாட்டிலிருந்தே வரக்கூடும். ஆகவே ஒப்பீட்டை நிறுவனவாரியாகத் தொடங்காமல், பகுதிவாரியாகத் தொடங்குவதே சரி. ஒவ்வொரு பகுதிக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு, பழுதாகும் விதம் வேறு, நிறுவனத்தின் உதவி தேவைப்படும் நேரமும் வேறு.

இத்துறையின் நிலப்படம் சிறியது. ஃபுளோரிடா மாநிலத்தின் டிலேண்ட் என்ற சிறு நகரத்திலேயே கேனபிகள் செய்யும் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ், வெக்டர் கன்டெய்னரைச் செய்யும் யுபிடி, தன் பெயரிலேயே கன்டெய்னர் செய்யும் மிராஜ் ஆகியவை அமைந்திருக்கின்றன. ஜாவலின் கன்டெய்னரைச் செய்யும் சன்பாத் வட கரோலினாவின் ரேஃபோர்டிலும், இன்ஃபினிட்டி கன்டெய்னரைச் செய்யும் வெலாசிட்டி வாஷிங்டன் மாநிலத்தின் செஹாலிஸிலும் இருக்கின்றன. கிராஸ்ஃபயர், சஃபயர் கேனபிகளை வடிவமைத்த நிறுவனம் நியூசிலாந்தினுடையது. ஏஏடிகளில் சைப்ரஸ் ஜெர்மனியிலிருந்தும், விஜில் பெல்ஜியத்திலிருந்தும், எம்2 செக் நாட்டிலிருந்தும் வருகின்றன. பாராசூட் பழுதுபார்ப்புக்குத் தபாலில் போய்வர வேண்டிய பொருள் என்பதால், தொழிற்சாலையோ அதன் அங்கீகாரம் பெற்ற சேவை மையமோ எங்கே இருக்கிறது என்பது விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒரு செலவு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இருந்துகொண்டு வாங்குபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் ரிசர்வுக்கும் ஹார்னஸ் கன்டெய்னருக்கும் எஃப்ஏஏ என்னும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் டிஎஸ்ஓ-சி23 தர ஒப்புதல் இருந்தாக வேண்டும். மெயின் கேனபிக்கு அது தேவையில்லை. இந்த ஒரு வேறுபாடே ஒப்பீட்டின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. ஒப்புதல் பெற்ற எந்த நிறுவனத்தின் ரிசர்வும் வகுக்கப்பட்ட சோதனைகளைத் தாண்டி வந்ததுதான். ரிசர்வைத் திறக்கும் ரிப்கார்டை இழுக்கத் தேவைப்படும் விசை 5 பவுண்டுக்குக் குறையாமலும் 22 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்கள்வரை அந்தச் சோதனைகள் செல்கின்றன. எனவே ஒப்புதல் பெற்ற இரண்டு ரிசர்வுகளில் எது பாதுகாப்பானது என்று வாதாடுவதைக் காட்டிலும், உங்கள் எடைக்கு எந்த அளவு வேண்டும், அது எவ்வளவு இடத்தை அடைக்கும், பிற்காலத்தில் நிறுவனம் அதை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று கேட்பதே பயனுள்ளது. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் பிடிஆர், ஆப்டிமம் என்ற இரண்டு ரிசர்வுகளையே எடுத்துக்கொண்டால், ஆப்டிமத்தின் துணி மெல்லியது. அதனால் ஏறத்தாழ ஓர் அளவு சிறிய பிடிஆர் அடைக்கும் இடத்திலேயே அது அடங்கிவிடும்.

இதே பிடிஆரில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கேனபியின் மீது அச்சிடப்பட்ட தகவல் பட்டையில் வரிசையாகச் சிறு கட்டங்கள் இருக்கும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்துப் பார்த்து மீண்டும் மடிக்கும் உரிமம் பெற்ற ரிக்கர், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தைப் பேனாவால் குறிப்பார். 40 மடிப்புகளோ 25 பயன்பாடுகளோ நிறைந்துவிட்டால் அந்த ரிசர்வ் பரிசோதனைக்காகத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு மடிப்பு என்றால் 40 கட்டங்கள் நிறைய ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும். ஆனால் 2008க்கு முன் அந்தக் கெடு 120 நாளாக இருந்தது என்பதால், பழைய ரிசர்வுகளில் கட்டங்கள் இன்னும் வேகமாக நிறைந்திருக்கும். பழைய ரிசர்வ் ஒன்றை வாங்கும்போது விலையைப் பேசும் முன் இந்தக் கட்டங்களை எண்ணிவிடுங்கள். இப்படி ஒரு திரும்பப் பெறும் ஏற்பாட்டை வைத்திருப்பதைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். தான் விற்ற பொருளை ஆண்டுகள் கடந்தும் தன் கண்ணால் பார்க்க விரும்பும் நிறுவனத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடவே கொடுப்பேன்.

மெயின் கேனபி: தரம் எங்கே தெரியும்

ஒப்புதல் தேவைப்படாத பகுதி என்பதால், மெயினில்தான் நிறுவனத்தின் சொந்தச் சோதனையும் நேர்மையும் வெளிப்படுகின்றன. துணி, கேனபியை ஹார்னஸோடு இணைக்கும் கயிறுகளான லைன், தையல், திறக்கும் விதம் ஆகிய நான்கையும் தனித்தனியே பாருங்கள். இன்றைய விளையாட்டு மெயின்கள் பெரும்பாலும் காற்றை ஊடுருவ விடாத ஸீரோ-பி துணியால் ஆனவை; பழைய எஃப்-111 வகைத் துணி மடிக்க எளிது, ஆனால் குதிப்புகள் கூடக்கூடக் காற்று கசியத் தொடங்கித் தரையிறங்கும்போது வேகத்தைத் தணிக்கும் ஃபிளேர் வலுவிழக்கும்.

லைன் விஷயத்தில் நிறுவனங்களின் பெயரைவிடப் பொருளின் குணம் முக்கியம். ஸ்பெக்ட்ரா லைன், கேனபி மெதுவாகத் திறக்க உதவும் துணியான ஸ்லைடர் உரசி இறங்கும் வெப்பத்தால் நாளடைவில் சுருங்கும். அதிலும் ஓரத்து லைன்களும் கட்டுப்பாட்டு லைன்களும் நடுவிலுள்ளவற்றைக் காட்டிலும் அதிகம் சுருங்குவதால், கேனபியின் அளவமைப்பு குலைந்து ஒரு பக்கம் இழுக்கவோ முரட்டுத்தனமாகத் திறக்கவோ ஆரம்பிக்கும். வெக்ட்ரானும் எச்எம்ஏவும் நீளம் மாறுவதில்லை. ஆனால் தேய்ந்து நைந்து, போதிய முன்னறிவிப்பு இல்லாமலே அறுந்துவிடக்கூடும். டேக்ரான் பருமனானது, சற்றே நீண்டு கொடுப்பதால் மென்மையாகத் திறக்கும். மாணவர் கேனபிகளில் அது நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். எந்த லைனாக இருந்தாலும் ஒரு நாள் முழுவதுமாக மாற்றியே ஆக வேண்டும். ஆகவே லைன் செட்டுக்கு எவ்வளவு விலை, எத்தனை வாரத்தில் அனுப்புவார்கள், உள்ளூர் ரிக்கரிடம் அதைத் தனியாக விற்பார்களா, அல்லது கேனபியைத் தங்களுக்கே அனுப்பச் சொல்வார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். புதிய கேனபியை விற்பதில் சுறுசுறுப்பாக இருக்கும் முகவர், ஐந்தாண்டு பழைய கேனபிக்கு லைன் செட் கேட்கும்போதும் அதே வேகத்தில் பதில் எழுதுகிறாரா என்பதை அவரிடம் வாங்கியவர்களிடம் விசாரிக்கலாம்.

தையலைப் பார்க்க ரிக்கரின் மேசைக்கே போக வேண்டும். கேனபியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, லைன்கள் துணியோடு சேரும் இடங்களில் உள்ள பார்டேக் தையல்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா, விட்டுப்போன தையல் உண்டா, உள் விலாக்கள் மேல்துணியோடு சேரும் இடத்தில் துணி சுருங்கி இழுபடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இடப்பக்க, வலப்பக்க லைன்களை ஒரே இழுவிசையில் இணையாகப் பிடித்து நீளத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். புதிய கேனபியிலேயே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருந்தால், அதை எந்த விளம்பரமும் ஈடுசெய்யாது.

திறக்கும் விதத்தை மட்டும் மேசையில் அறிய முடியாது. குதித்துத்தான் அறிய வேண்டும். 1980களின் இறுதியில் வந்த முதல் சேபர், முரட்டுத்தனமாகத் திறக்கும் என்ற பெயரை வாங்கியது; அதே பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் பின்னர் கொண்டுவந்த சேபர்2 அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. ஒரு நிறுவனம் தன் பழைய வடிவமைப்பின் குறையை அடுத்ததில் எப்படிக் கையாண்டது என்பது தரத்தைப் பற்றிய நல்ல சான்று. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் கட்டணம் பெற்றுக்கொண்டு, குதித்துப் பார்க்க டெமோ கேனபிகளை அனுப்புகிறது. மற்றவர்களுடையவற்றை முகவர்கள் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கேனபிகளை ஒப்பிடும்போது ஒரே அளவிலும், ஒரே மடிப்பு முறையிலும், ஒரே வாரத்தின் காற்றிலும் குதித்துப் பாருங்கள். ஒன்றை 190 சதுர அடியிலும் மற்றதை 170இலும் பறந்துவிட்டு நிறுவனங்களை ஒப்பிட்டதாகச் சொல்வதில் பொருளில்லை.

அளவைப் பற்றிய பேச்சில்தான் சேவையின் தரமும் முதலில் வெளிப்படுகிறது. உடையும் ரிக்கும் சேர்த்து 180 பவுண்டு எடை வருபவர் 190 சதுர அடிக் கேனபியில் ஒரு சதுர அடிக்கு 0.95 பவுண்டு சுமத்துகிறார். 150 சதுர அடியில் அது 1.2 ஆகிவிடும், கேனபியின் வேகமும் திரும்பும் துடிப்பும் வேறாகிவிடும். இதுவரை எத்தனை முறை குதித்திருக்கிறீர்கள் என்று கேட்காமலே சிறிய கேனபிக்கு ஆர்டர் எடுத்துக்கொள்பவரிடம் வாங்காதீர்கள். ஒரு விற்பனையை இழக்கத் தயங்காமல், இதைவிடப் பெரியது எடுங்கள் என்று சொல்பவரின் முகவரியைப் பத்திரப்படுத்துங்கள்.

கன்டெய்னரும் கடிதத் தேர்வும்

கன்டெய்னரை மாட்டிக்கொண்டு பார்ப்பதே முதல் வேலை. நண்பர் ஒருவரின் ரிக்கைக் கடன் வாங்கி, குனிந்து, உட்கார்ந்து, தோளைச் சுழற்றி, ரிசர்வ் பின் மூடியும், தோள்மேல் செல்லும் பட்டைகளான ரைசர்களின் மூடிகளும் தாமாகத் திறந்துகொள்கின்றனவா என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைகீழாகவும் உட்கார்ந்த நிலையிலும் பறக்கும் ஃப்ரீஃப்ளை குதிப்புகளில் ஈடுபடுபவர்களுக்கு இது அழகு சார்ந்த விஷயமல்ல; காற்றில் திறந்துகொள்ளும் ஒரு மூடி, கேனபியை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டோடு இணைந்த பிரைடில் பட்டையைக் காற்று இழுக்க இடம் கொடுத்துவிடக்கூடும். பைலட் சூட் வைக்கும் பையின் நெகிழும் துணி அதை இறுகப் பிடித்திருக்கிறதா என்பதையும், ரிசர்வ் கைப்பிடியைப் பற்றி நிறுத்தும் அமைப்பு தளர்ந்திருக்கிறதா என்பதையும் சில நூறு குதிப்புகள் கண்ட பழைய ரிக்கில் பார்ப்பதே மேல். கடைக்காட்சியில் இருக்கும் புது ரிக்கில் எல்லாமே இறுக்கமாகத்தான் இருக்கும்.

பழுதான மெயினைக் கழற்றிவிடும்போது ரிசர்வை விரைந்து இழுத்துத் தரும் ஸ்கைஹுக் அமைப்பு யுபிடியிடமிருந்து வந்தது. ஜாவலினும் உரிமம் பெற்று அதைத் தருகிறது. ஆகவே ஸ்கைஹுக் வேண்டும் என்பதற்காக ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

இனி, கடிதத் தேர்வு. ஆர்டர் கொடுக்கும் முன், நீங்கள் ஒப்பிடும் கன்டெய்னர் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியை எழுதுங்கள்: 150 சதுர அடி மெயினும் 143 சதுர அடி ஆப்டிமமும் சைப்ரஸும் வைக்க உங்களுடைய எந்த அளவுக் கன்டெய்னர் பொருந்தும், மடிப்பு இறுக்கமாக இருக்குமா தளர்வாக இருக்குமா? ஓர் அளவெண்ணை மட்டும் திருப்பி எழுதுவது பதிலே ஆகாது. என்ன மாடல் மெயின் என்றும், பிற்காலத்தில் 135 சதுர அடிக்கு இறங்கும் எண்ணம் உண்டா என்றும், உடல் அளவுகளை யார் எடுக்கப் போகிறார் என்றும் திருப்பிக் கேட்பவர் வேலையைத் தெரிந்தவர். ஹார்னஸ் உடலுக்கேற்பத் தைக்கப்படுவது; அளவு தவறினால் தொடைப்பட்டை இறுகுவதோடு நில்லாமல், ரிசர்வ் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்திலிருந்தே நகர்ந்துவிடும். எனவே அளவுத் தவறு ஏற்பட்டால் யார் செலவில், எத்தனை வாரத்தில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயாரிப்புக் காலம் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள்வரை நீளும். சொன்ன தேதியை விட, தேதி தள்ளிப்போனால் தாங்களாகவே அறிவிக்கிறார்களா என்பதையே நான் அதிகம் பார்ப்பேன்.

சேவையின் உண்மையான சோதனை, குறை கண்டறியப்பட்டு சர்வீஸ் புல்லட்டின் என்னும் அறிவிப்பு வெளியாகும் வேளையில் வருகிறது. புல்லட்டின்களே இல்லாத நிறுவனம் சிறந்தது என்று எண்ண வேண்டாம். குறையை வெளிப்படையாக அறிவித்து, எந்த வரிசை எண்கள் பாதிக்கப்பட்டவை என்று தெளிவாகச் சொல்லி, மாற்றுப் பாகத்தைத் தாமதமின்றி அனுப்பும் நிறுவனமே சிறந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் பழைய புல்லட்டின்களையும் தேடிப் படியுங்கள். குறை தெரிந்த நாளுக்கும் அறிவித்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் சென்றது என்பது பெரும்பாலும் அவற்றிலேயே தெரிந்துவிடும். 2011இல் ஆர்கஸ் என்ற ஏஏடியில், ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றை வெட்டும் உறுப்பு குறித்த ஐயத்தால் கன்டெய்னர் நிறுவனங்கள் பலவும் அதைத் தங்கள் ரிக்குகளில் பொருத்தக் கூடாதென்று அறிவித்தன. அந்தக் கருவியை வாங்கி வைத்திருந்தவர்களின் முழு ரிக்கும் ஒரே அறிவிப்பில் தரையில் நின்றது. ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கும்போது, மற்ற மூன்று பகுதிகளின் நிறுவனங்களும் அதை ஏற்கின்றனவா என்ற பட்டியலையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஏஏடிகளை ஒப்பிடுவது எளிது. விலையோடு பராமரிப்புச் செலவைக் கூட்டி, ஆயுளால் வகுத்தால் போதும். இப்போதைய சைப்ரஸின் ஆயுள் 15.5 ஆண்டு, பழையவற்றில் 4ஆம், 8ஆம் ஆண்டுகளில் கட்டாயமாக இருந்த தொழிற்சாலைப் பராமரிப்பு, புதியவற்றில் 5ஆம், 10ஆம் ஆண்டுகளில் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. விஜில் 20 ஆண்டும், எம்2 15 ஆண்டும் உழைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டாயப் பராமரிப்பு இல்லை. பராமரிப்புக்கு அனுப்பும் வாரங்களில் மாற்றுக் கருவி தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விசாரிக்க வேண்டிய ஆள் யார் என்பது. குதிக்கும் களமான டிராப் சோனில் ஒரு ரிக்கை வைத்திருப்பவர் அந்த ஒன்றைத்தான் அறிவார். விலை கொடுத்து வாங்கியதைக் குறை சொல்ல மனமும் வராது. ரிக்கரோ எல்லா நிறுவனங்களின் ரிசர்வ்களையும் ஆண்டுக்கு இரண்டு முறை பிரித்துப் பார்க்கிறார், எந்தக் கன்டெய்னரின் ஓரப்பட்டி எங்கே முதலில் கிழிகிறது என்று அறிவார், உதிரிப் பாகம் கேட்டு யாருக்கெல்லாம் நினைவூட்டல் எழுத வேண்டியிருந்தது என்பதும் அவருக்கே தெரியும். அவரே ஏதேனும் நிறுவனத்தின் முகவராகவும் இருக்கக்கூடும் என்பதால் அதை நேராகவே கேட்டுவிட்டு, தொடர்பில்லாத இன்னொரு ரிக்கரிடமும் பேசுங்கள். பழைய ரிக் வாங்குபவராக இருந்தால், பணம் கைமாறும் முன் நான்கு பகுதிகளின் வரிசை எண்களையும் தயாரிப்பு மாதத்தையும் குறித்து, உரிய நிறுவனங்களுக்கு எழுதி, நிலுவையில் உள்ள புல்லட்டின் ஏதேனும் உண்டா என்று கேட்டு, புதிய உரிமையாளராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.