தேதியும் அனுமதியும் மாறாமல் கோப்புறையை நகலெடுக்கும் முறை

2018-இல் பழனி மலையில் குறிஞ்சி பூத்தபோது, பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உள்ள முதியவர்களிடம் 2006-ஆம் ஆண்டுப் பூப்பைப் பற்றியும் அதற்கு முந்தையவற்றைப் பற்றியும் கேட்டு ஒலிப்பதிவு செய்தேன். பதிவுக்கருவி கோப்புகளுக்கு வெறும் எண்களையே பெயராக இட்டதால், எவரிடம் எந்த நாளில் பேசினேன் என்பதற்குக் கோப்பின் தேதி ஒன்றே சான்று. அவற்றை வெளிவட்டுக்கு லினக்ஸின் ‘சிபி -ஆர்’ என்ற நகல் கட்டளையால் நகலெடுத்து, மூலத்தையும் அழித்துவிட்டுப் பார்த்தால், 0042 உட்பட எல்லாக் கோப்புகளும் அன்றிரவு பதிவானவைபோல நின்றன.

காரணம் எளிது. ‘சிபி’ இலக்கில் புதிய கோப்பை உருவாக்குகிறது. ஆகவே நகலெடுத்த நேரமே அதன் தேதியாகிறது, நகலெடுத்தவரே உரிமையாளராகிறார், அனுமதிகளும், புதிய கோப்புகளுக்கு எவற்றை மறுப்பது என்று சொல்லும் ‘யுமாஸ்க்’ அமைப்பு வடிகட்டியபடியே அமைகின்றன.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

முதலில், ‘சிபி -ஏ பதிவுகள் காப்பு’ என்று கொடுங்கள்; ‘பதிவுகள்’ மூலக் கோப்புறை, ‘காப்பு’ இலக்கு. லினக்ஸில் இந்த ‘-ஏ’ உள்கோப்புறைகளையும் சேர்த்து நகலெடுப்பதோடு, தேதி, அனுமதி, உரிமையாளர் ஆகியவற்றைக் காத்து, குறியீட்டு இணைப்புகளை (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்களை) இணைப்புகளாகவே விட்டுவைக்கும். ‘காப்பு’ முன்பே இருந்தால் நகல் அதற்குள் ‘பதிவுகள்’ என்ற பெயரில் அமரும். இல்லையென்றால் நகலே ‘காப்பு’ ஆகிவிடும். இரண்டாம் முறை அதே கட்டளையை ஓட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிறருடைய கோப்புகளின் உரிமையைக் காக்க வேண்டுமெனில் முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டும் ‘சூடோ’ தேவை.

அடிக்கடி காப்பெடுப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘ஆர்சிங்க் -ஏ பதிவுகள்/ காப்பு/’ என்பதையே. மின்சாரம் பாதியில் போனாலும், மறுபடி ஓட்டினால், முடிந்த கோப்புகளைத் தாண்டி விடுபட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். மூலப் பெயரின் இறுதியிலுள்ள சாய்கோட்டைக் கவனியுங்கள்: அது இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும். ‘-ஏ’ என்ற பெயர் ஒன்றானாலும், ஆர்சிங்கில் அது வன் இணைப்புகளையும் (ஒரே கோப்புக்குள்ள பல பெயர்களையும்) கூடுதல் பண்புகளையும் காப்பதில்லை. அவை தேவையெனில் ஹெச், ஏ, எக்ஸ் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும்.

பென்டிரைவ் ‘ஃபேட்32’ அல்லது ‘எக்ஸ்ஃபேட்’ வடிவிலிருந்தால், உரிமையாளரையும் அனுமதியையும் எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. அப்போது ‘டார் -சிஎஃப் பதிவுகள்.டார் பதிவுகள்’ என்று ஒரே கோப்பாகக் கட்டி, அந்தக் கட்டை எடுத்துச்சென்று, சேருமிடத்தில் ‘டார் -எக்ஸ்பிஎஃப் பதிவுகள்.டார்’ என்று பிரிக்கலாம். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது.

மூலத்தை அழிக்குமுன் ‘ஆர்சிங்க் -ஏஎன்ஐ பதிவுகள்/ காப்பு/’ என்று ஓட்டுங்கள். ‘என்’ இருப்பதால் எதுவும் எழுதப்படாது. விடுபட்ட கோப்புகளும், அளவோ தேதியோ அனுமதியோ உரிமையாளரோ மாறுபட்ட கோப்புகளும் வரிவரியாக வரும், ஒரு வரியும் வராவிட்டால் இவற்றில் நகல் சரி. கோப்பின் விவரங்களைக் காட்டும் ‘ஸ்டாட்’ கட்டளையில் ‘சேஞ்ச்’ என்ற நேரம் இன்றைய தேதியைக் காட்டும். அதை இயங்குதளமே எழுதுவதால் எந்த நகல் கட்டளையாலும் காக்க முடியாது, அதற்காக மறுபடி நகலெடுக்க வேண்டாம்.