சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு: பொம்மையில் முதல் ஆயில் பெயிண்ட்

மண்டபத்தில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் அக்ரிலிக் பெயிண்டோடு மல்லுக்கட்ட முடியாது. பிதுக்கி, பிரஷ்ஷை நனைத்து, பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் பாதி காய்ந்திருக்கும். இரண்டு சிவப்பை இழைக்கலாம் என்று பார்த்தால் நடுவில் கோடு கோடாக நிற்கும். ஆயில் பெயிண்ட் அப்படி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மதியம் பூசியதை சாயங்காலம் கூடத் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். ஆயில் என்றதும் பலரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் புதுசாக வருபவருக்கு இதுதான் சுலபம்.

நான் எடுத்துக்கொண்டது 54 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய். 1798-இல் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அந்த வாசலில் நின்ற சிப்பாய் மாதிரி ஒருவனைச் செய்யவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வாங்கவேண்டியவை

ஓவியர்கள் வாங்கும் சின்ன டியூப்களில் ஐந்து நிறம் போதும்: பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு), ஒரு நல்ல சிவப்பு, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் ஒயிட் (வெள்ளை). கறுப்பு இப்போது வேண்டாம். ஆயிலைக் கரைக்க வாசமில்லாத மினரல் ஸ்பிரிட் அல்லது ஓவியத்துக்கான டர்பன்டைன், மென்மையான பழைய பிரஷ் இரண்டு, காது குடையும் பட்ஸ், ஒரு அட்டைத் துண்டு. அவ்வளவுதான்.

படகுக்கு அடிக்கும் தின்னரை மட்டும் தொடாதீர்கள். எல்லாம் ஒன்றுதானே என்று என் முதல் பொம்மையில் அதைத் தடவினேன். பிளாஸ்டிக் முகம் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகி, மூக்கே காணாமல் போனது.

அடிப்பூச்சு

நிறம் ஒட்டிப் பிடிக்க முதலில் பிரைமர் அடித்து, அதன்மேல் அக்ரிலிக்கில் நிறங்களைத் தட்டையாகப் பூசுங்கள். கோட்டுக்குச் சிவப்பு, குறுக்கு வார்களுக்கு வெள்ளை, துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு. நிழல், வெளிச்சம் எதுவும் வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு, பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கை கொடுத்து, அதையும் ஒரு நாள் காயவிடுங்கள். இந்த வார்னிஷ்தான் உங்கள் காப்பு. மேலே பூசும் ஆயிலை எத்தனை முறை துடைத்தாலும் அடியிலுள்ள நிறம் அசையாது.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் படையில் அதிகாரியின் கோட்டுக்குத்தான் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சென்ற சிவப்பு. சாதாரண வீரனுக்கு மேடர் வேர்ச்சாயம், கொஞ்சம் செங்கல் சாயல் அடிக்கும். நம் கடலோர மணலில் முளைக்கும் சாயவேரும் அந்தக் குடும்பத்துச் செடிதான். ஆகவே சிப்பாய்க்குக் கொஞ்சம் மங்கலாகவே பூசுங்கள்.

எண்ணெயை இறக்குவது

ஆயில் பெயிண்டை அரிசிமணி அளவு அட்டையில் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். சுற்றிலும் எண்ணெய் வட்டம் படரும், அப்பளம் வைத்த காகிதம் மாதிரி. அட்டை குடித்த எண்ணெய் போக மிச்சமுள்ள பெயிண்ட் மினுங்காது, சீக்கிரமும் காயும்.

மடிப்புகளில் நிழல்

பர்ன்ட் அம்பரை ஸ்பிரிட்டில் வரக்காப்பி பதத்துக்குக் கரையுங்கள். பிரஷ் நுனியால் வார் கோட்டைத் தொடும் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஓடும். முதல் தடவை பார்க்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும். பொத்தான், காலர், கைமடிப்பு என்று எல்லா விளிம்புக்கும் இப்படியே. கால் மணி நேரம் கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் வழிந்ததை மட்டும் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுங்கள்.

கோட்டில் நிறங்களை இழைப்பது

இது கோட்டின் வேலை. கிரிம்சனில் துளி அம்பர் கலந்து மடிப்பின் பள்ளங்களில் வையுங்கள். சிவப்பில் கொஞ்சம் ஆக்கர் சேர்த்துத் தோளிலும் மடிப்பின் முகட்டிலும் வையுங்கள். வெள்ளை சேர்த்தால் சிப்பாய் பஞ்சுமிட்டாய் நிறத்துக்குப் போய்விடுவான். இரண்டும் சந்திக்கும் இடத்தில் காய்ந்த மென்பிரஷ்ஷை வைத்து லேசாகக் குத்திக் குத்தி எடுங்கள். இழுக்கக் கூடாது. நாலு குத்துக்கு ஒரு தரம் பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள்; இதை மறந்தால் எல்லாம் ஒரே சேறாகிவிடும். பெயிண்ட் மிகக் குறைவாக இருக்கவேண்டும், கீழே உள்ள நிறம் தெரிகிற அளவுக்கு. டைட்டானியம் ஒயிட்டை வார்களின் மேல் விளிம்பில் மட்டும் தொட்டுவிடுங்கள்.

காத்திருப்பது

அம்பர் சீக்கிரம் காயும். வெள்ளைக்கும் கிரிம்சனுக்கும் பொறுமை வேண்டும். எங்கள் ஊரில் காற்றைவிட அதோடு வரும் மணல்தான் வில்லன், ஆகவே ஒரு கண்ணாடி டப்பாவைக் கவிழ்த்து, அடியில் தீக்குச்சி வைத்துக் காற்று புக வழிவிடுகிறேன். பீரோவுக்குள் வைக்காதீர்கள், இருட்டில் வெள்ளை மஞ்சளாகும். மூன்றாம் நாளே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொன்னேன். வல்லங்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கும் மாமா சிரித்தார். "மேல தோலு கட்டியிருக்கும், நம்பாத மாப்ளே. ஒரு வாரம் கெடக்கட்டும்." கிடந்தது.

அதன் பிறகு மேட் வார்னிஷ், அதாவது மினுங்காத வார்னிஷ். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் ஈரத்தில் வெண்படலம் பூத்துவிடும். அந்த மாதங்களில் பிரஷ்ஷாலேயே பூசுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள். ஸ்பிரிட் ஊற்றிய டம்ளர் இனி அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. என் வீட்டில் அதற்குச் சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்துவிட்டார்கள்.