மும்மொழிக் காவடிப் பாட்டுப் புத்தகத்தை மின்னூலாகப் புதுப்பிக்க

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்காகத் தொகுக்கும் பாட்டுப் புத்தகத்தில் ஒரே பாட்டு மூன்று முறை வருவதுண்டு. முதலில் தமிழ் எழுத்தில், அடுத்து தமிழ் படிக்கத் தெரியாதவர் பாட ரோமன் எழுத்தில், கடைசியாக பிரெஞ்சிலோ கிரியோலிலோ பொருள். அச்சில் இதில் சிக்கல் இல்லை, கண் பிரித்துக்கொள்ளும். கணினிக்கு எந்த வரி எந்த மொழி என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான திரை வாசிப்பான் பிரெஞ்சு வரியைத் தமிழ்க் குரலிலும், தமிழ் வரியை எழுத்தெழுத்தாகவும் வாசிக்கும், அல்லது அப்படியே தாண்டிப் போகும். ஆகவே கருவிகளைப் புதுப்பிக்கும் முன் மொழிக்கு ஒரு ஸ்டைல் (பெயரிட்ட வடிவ அமைப்பு) என்று மூல ஃபைலைப் பிரித்துவிடுங்கள். மற்ற வேலை எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

தேவையானவை அனைத்தும் இலவசம்: எழுதித் திருத்த லிப்ரே ஆபிஸ், மின்னூல் வடிவமான ஈபப்பைத் தொகுக்க சிஜில், எழுத்து மாற்றத்துக்கு என்எச்எம் கன்வர்ட்டர், சோதனைக்கு ஈபப்செக், டெய்சி அமைப்பின் அணுகல் சோதனைக் கருவியான ஏஸ், வாசித்துப் பார்க்க தோரியம் ரீடரும் திரை வாசிப்பானான என்விடிஏவும். ஈபப்செக் பழைய 4 வரிசையில் இருந்தால் 5-க்கு மாறுங்கள். ஈபப் 3.3, 2023 மே மாதம் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது, அதைச் சோதிப்பது 5 வரிசைதான். ஈபப்செக் ஓட ஜாவா வேண்டும்.

பழைய ஃபைல் வேர்டில் இருந்தால் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் திறந்துகொள்ளலாம். பேஜ்மேக்கர் என்றால் லிப்ரே ஆபிஸ் ட்ரா திறக்கப் பார்க்கும். ஆனால் எழுத்தெல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக வரும், பத்தி பத்தியாக எடுத்து ஒட்டத்தான் வேண்டும்.

பாமினி, டேப், டாம் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் உண்மையில் தமிழே அல்ல, தமிழ் வேஷம் போட்ட ரோமன் எழுத்து. பாமினி சாதாரண ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டேப், பிரெஞ்சின் தலைக்குறி போட்ட எழுத்துகள் இருக்கும் மேல் பாதியைப் பிடித்துக்கொண்டது. டாம் அந்த மேல் பாதியோடு ஆங்கில எழுத்துகளின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. எனவே மும்மொழிப் புத்தகத்தை மொத்தமாகக் கன்வர்ட்டரில் போட்டால், பாமினி என்று தேர்ந்தெடுத்தபோது பிரெஞ்சுப் பொருள் முழுவதும் தமிழ்க் குப்பையாகும். டேப் என்றால் தலைக்குறி உள்ள எழுத்துகள் மட்டும் மாறும். இரண்டாவதுதான் ஆபத்து, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

அதனால் முதலில் பிரியுங்கள். கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை இயக்கி, தேட வேண்டிய இடத்தில் புள்ளியும் கூட்டல் குறியும் (.+) இடுங்கள். ஃபார்மட் பொத்தானில் பழைய எழுத்துருவின் பெயரை மேலை மொழி எழுத்துருவாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் கண்டுபிடி என்றால் பழைய தமிழ் மட்டும் தேர்வாகும். அதற்கு ஒரு பத்தி ஸ்டைல் கொடுங்கள். ரோமன் வரிக்கும் பொருளுக்கும் தனித்தனி ஸ்டைல் வையுங்கள். ஸ்டைல்களின் பெயரை இடைவெளி இல்லாமல் ரோமன் எழுத்திலேயே வைத்தால் பின்னால் தலைவலி இல்லை. பாட்டின் தலைப்புக்குச் சொந்த ஸ்டைல் வேண்டாம், ‘ஹெடிங் 1’ மட்டும் போதும்.

மூன்றையும் மூன்று நெடுவரிசை அட்டவணையில் அடுக்கியிருந்தால் அதைக் கலைத்துவிடுங்கள். போன் திரையில் ஒவ்வொரு கட்டமும் விரல் அகலத்துக்குச் சுருங்கும். கண்ணியின் தமிழ், அதன் ரோமன், அதன் பொருள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும்.

பிறகு பாட்டுப் பாட்டாகத் தமிழ்ப் பத்திகளைக் கன்வர்ட்டரில் போட்டு, வடிவமில்லா ஒட்டலாகத் திரும்ப ஒட்டி, ஸ்டைலை மறுபடி கொடுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி தேடி மொத்தமாகச் செய்தால் திருத்த அதைவிட நேரம் போகும். ஒட்டியபின் தமிழின் அளவு மாறாமல் அடம்பிடித்தால் காரணம் இது: யூனிகோடு தமிழ் இப்போது ‘கூட்டெழுத்து மொழி’ வகையில் சேர்ந்துவிட்டது, அதற்கான எழுத்துருவும் அளவும் ஸ்டைலில் தனி இடத்தில் இருக்கின்றன. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அந்த வசதியை இயக்கினால்தான் அந்த இடமே கண்ணுக்குத் தெரியும்.

மாற்றிய தமிழைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். தட்டச்சில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் போட்டுவிடுவது மிகச் சாதாரணம். காா்த்திகை, கார்த்திகை, இரண்டும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, குரலும் தடுமாறும். கால் குறிக்குப் பின் புள்ளியோ ‘ி’, ‘ீ’ குறிகளோ தமிழில் வரவே வராது. ஆகவே ‘ா்’ வந்த இடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ எல்லாம் ‘ரி’, ‘ாீ’ எல்லாம் ‘ரீ’ என்று ஒரேயடியாக மாற்றிவிடலாம்.

‘ௌ’ அப்படியல்ல. கௌமாரம் ‘கெளமாரம்’ என்றும், ஔவை ‘ஒளவை’ என்றும் ளகரம் போட்டு அடிக்கப்பட்டிருக்கும், வாசிப்பான் அதை ளகரமாகவே சொல்லும். ஆனால் வெளி, தெளிவு, வெள்ளி என்று உண்மையான ளகரச் சொற்களும் ஏராளம். இங்கே மொத்தமாக மாற்றினால் வெளியும் வெள்ளியும் போய்விடும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘ஸ்ரீ’ இன்னொரு பொறி. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே உருவம். எது என்றாலும் சரி, புத்தகம் முழுக்க ஒன்றே இருக்கட்டும். புள்ளி வட்டம் எங்காவது தெரிந்தால் அங்கே உயிர்க்குறி ஒன்று மெய்யில்லாமல் தனியாக நிற்கிறது.

லிப்ரே ஆபிஸே ஈபப் தரும், அவசரத்துக்குப் போதும். மொழிக்குறியைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் ஃபைலை டாக்எக்ஸ் ஆகச் சேமித்து, சிஜிலின் டாக்எக்ஸ்-இம்போர்ட் பிளகின் (துணை நிரல்) வழியாக உள்ளே கொண்டுவருவது நல்லது. அதற்கு ஒரு ஸ்டைல் மேப் ஃபைல் கொடுக்கலாம். இந்தப் பத்தி ஸ்டைலுக்கு இந்த கிளாஸ் (மின்னூலில் பத்திக்கு இடும் வகைப் பெயர்) என்று ஸ்டைலுக்கு ஒரு வரி, அவ்வளவே. ‘ஹெடிங் 1’ தானாகவே முதல்நிலைத் தலைப்பாகிவிடும்.

சிஜிலில் எல்லா பக்கங்களிலும் தேடி, அந்தந்த கிளாஸ் உள்ள பத்தியில் ‘லாங்’, ‘எக்ஸ்எம்எல் லாங்’ என்ற மொழிக்குறிகள் இரண்டையும் சேருங்கள். தமிழுக்கு டி-ஏ, பிரெஞ்சுக்கு எஃப்-ஆர், மொரீஷியஸ் கிரியோலுக்கு எம்-எஃப்-இ. ரோமன் எழுத்தில் உள்ள தமிழுக்கு டி-ஏ என்றெழுதி ஒரு சிறு கோடிட்டு லத்தீன் எழுத்துக்கான எல்-ஏ-டி-என். கிரியோலுக்குக் குரல் இல்லை என்பதற்காக எஃப்-ஆர் போட்டுவிடும் ஆசை வரும். வேண்டாம், பொய்க்குறி ஃபைலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், குரலைத் தேர்வது வாசகர் கையில் இருக்கட்டும். மாற்றும் முன் ‘எண்ணிக்கை’ பொத்தானை அழுத்துங்கள். தமிழ்ப் பத்தி 212, ரோமன் 211 என்று வந்தால் எங்கோ ஒரு கண்ணிக்கு ஸ்டைல் விட்டுப்போயிருக்கிறது.

பாட்டுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, பொருளடக்கத்தை சிஜிலே உருவாக்கட்டும். தலைப்பில் தமிழோடு பிரெஞ்சும் இருந்தால் பொருளடக்கத்தில் மொழிக்குறி விட்டுப்போகும், அங்கே கையால் சேர்க்க வேண்டும். அதன்பின் யாராவது பொருளடக்கத்தை மறுபடி உருவாக்கினால் சேர்த்தது போச்சு, ஆகவே இதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

அச்சுப் பக்க எண்ணை விடாதீர்கள். “இருபத்து மூன்றாம் பக்கம்” என்று கோவிலில் அறிவிக்கும்போது போனில் வைத்திருப்பவரும் அங்கே போக வேண்டும். பக்கம் மாறும் இடங்களில் குறியிட்டால் பேஜ்லிஸ்ட் பிளகின் பட்டியலைக் கட்டித் தரும். எந்த அச்சுப் பதிப்பின் எண் என்பதையும் மெட்டாடேட்டாவில் (நூலைப் பற்றிய விவரக் குறிப்பில்) சொல்ல வேண்டும்.

தோற்றத்தில் குறைவாகச் செய்வதே நல்லது. தமிழ்ப் பத்திக்கு வரி உயரம் 1.6, அளவுகள் பிக்சலில் இல்லாமல் ‘எம்’ அலகில், இடப்பக்கச் சீரமைப்பு. இருபக்கமும் சமப்படுத்தினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. காவி நிறத்தில் தலைப்பு வைக்காத கோவில் புத்தகம் அரிது, ஆனால் வெள்ளைப் பின்னணியில் வழக்கமான காவியின் மாறுபாடு (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) 2:1-ஐச் சற்றே தாண்டும். வேண்டியதோ 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. அடர்ந்த செம்பழுப்பு எடுபடும். எழுத்துருவை உள்ளே பதிப்பதானால் நோட்டோ செரிஃப் தமிழ் உரிமச் சிக்கல் இல்லாதது.

முருகன் படத்துக்கு ஒரு வரி மாற்றுரை (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விளக்கம்) எழுதுங்கள். ஓரத்துக் கோலத்துக்கு மாற்றுரையை வெறுமையாக விடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் “கோலம், கோலம்” என்று கேட்பது கொடுமை. ஆக்சஸ்-எய்டு பிளகின் படங்களுக்கான மாற்றுரையைக் கேட்டு, அணுகல் மெட்டாடேட்டாவையும் சேர்க்கும். அணுகும் முறை, வசதிகள், ஆபத்துகள் என்ற மூன்றும் கட்டாயம். பழைய ஈபப் 2 நூல் கையில் இருந்தால் ஈபப்3-ஐடைசர் பிளகின் அதை 3-ஆக்கும், ஆனால் மொழிக்குறியைக் கண்டுபிடித்துத் தராது.

பிரான்ஸின் பகுதியான ரீயூனியனில் விற்க நினைப்பவர் கவனிக்க: மின்னூல்களையும் உள்ளடக்கிய ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும், ஆண்டு வரவும் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சிறு அமைப்புகளுக்குச் சேவைகளில் விலக்கு உண்டு.

கடைசியில் ஈபப்செக், பிறகு ஏஸ். ஈபப்செக் கட்டமைப்பை மட்டும் பார்க்கும், மாற்றுரையும் மாறுபாடும் ஏஸின் வேலை. ரோமன் வரிக்குத் தமிழ் என்று குறி போட்டிருந்தால் இரண்டுமே பச்சைக்கொடி காட்டிவிடும். அதற்கு என்விடிஏவில் தானியங்கி மொழி மாற்றத்தை இயக்கி, தமிழ், பிரெஞ்சுக் குரல்கள் உள்ள கணினியில், தோரியத்தில் ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவு வரை காதால் கேட்க வேண்டும். குரல் மாற வேண்டிய இடத்தில் மாறாவிட்டால் அந்தப் பத்தியின் கிளாஸைப் பாருங்கள்.