பார்படோஸில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: கார்லைல் பே கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

கரீபியன் தீவான பார்படோஸில் சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் கரை சேர்ந்து மாலையில் கிளம்பிவிடும். அந்த எட்டு, ஒன்பது மணி நேரத்துக்குள் தீவையே சுற்றிப் பார்க்கலாம் என்று போகிறவர்களுக்குப் பாதிப் பொழுது வண்டியிலேயே கழிந்துவிடும். ஓய்வுதான் வேண்டுமென்றால் ஒரே கடற்கரை போதும். தலைநகர் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் கார்லைல் பே இருக்கிறது. பிறை வடிவில் வெண்மணல், குளம் போலத் தண்ணீர். பார்படோஸில் எந்தக் கடற்கரைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. தனியார் கிளப்புகள் வாங்கும் பணம் நாற்காலி, குளியலறை, சாப்பாடு போன்ற வசதிகளுக்குத்தான்.

நடந்தே போகலாம். துறைமுகத்திலிருந்து ஊருக்குள் வர இருபது, இருபத்தைந்து நிமிடம், பாலத்தைக் கடந்து கடற்கரைக்கு இன்னும் பதினைந்து, இருபது நிமிடம். காலை ஒன்பதுக்கு முன் கிளம்பினால்தான் அது சுகமான நடை. குழந்தைகளோ முதியவர்களோ கூட வந்தால் டாக்சியே நல்லது. டாக்சியின் எண் பலகை 'இசட்' என்ற எழுத்தில் தொடங்கும். மீட்டர் இருக்காது, ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். அப்போது மறக்காமல் கேட்க வேண்டியது, "எந்த டாலர்?" என்பது. உள்ளூர் டாலர் இரண்டு, அமெரிக்க டாலர் ஒன்று; மாற்று விகிதம் நிலையானது. கடைகளும் டாக்சிகளும் அமெரிக்க நோட்டை வாங்கிக்கொள்ளும், மீதி பெரும்பாலும் உள்ளூர்ப் பணமாகவே வரும். இருபது என்று சொன்னதை எந்த டாலர் என்று கேட்காமல் கொடுத்தால் இரட்டிப்புப் பணம் போய்விடும். சிறு நோட்டுகளாக எடுத்துப் போங்கள்.

கென்சிங்டன் ஓவல் மைதானமும் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய இடம் அது. உள்ளே போக முடியாவிட்டாலும் வாசலில் பார்படோஸ் கிரிக்கெட் வீரர் கேரி சோபர்ஸ் சிலை முன் நின்றுவிட்டு வரலாம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் வீண் போகாது.

இனி கடற்கரை. சென்னையும் பிரிட்ஜ்டவுனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஆனால் மெரினா கிழக்கே பார்த்தது, கார்லைல் பே மேற்கே பார்த்தது. நமக்குப் பழகிய கணக்கெல்லாம் இங்கே தலைகீழ்.

முதலில் நிழல். காலையில் சூரியன் முதுகுப் பக்கம், ஊருக்கு மேலே இருக்கும். மரங்களின் நிழல் மணல் மேல் விழும், குடையே தேவைப்படாது. நண்பகலில் அந்த நிழல் சுருங்கி, பிறகு சாலைப் பக்கம் நகர்ந்துவிடும். வெயில் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். பதினொரு மணிக்குள் குடையை வாடகைக்கு எடுத்துவிடுங்கள், அதுவும் சாய்க்கக்கூடிய குடையாக. நான்கைந்து கப்பல்கள் ஒன்றாக நிற்கும் நாளில் மதியத்துக்கு மேல் குடை கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது காற்று, கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். இங்கே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசும். தீவே தடுப்பாக நிற்பதால் மேற்குக் கரையில் அலை ஓய்ந்திருக்கும். அதே காற்று கரையிலிருந்து கடலை நோக்கித்தான் தள்ளும். காற்றடைத்த மெத்தையிலோ வளையத்திலோ கண்ணை மூடிப் படுத்தால் பத்து நிமிடத்தில் படகுகள் ஓடும் இடத்துக்குப் போயிருப்பீர்கள். குழந்தையின் வளையத்தில் கயிறு கட்டி, நுனியைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். பந்து மிதந்து போனால் போகட்டும், துரத்தி நீந்தாதீர்கள். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில், மிதவைக் கோட்டுக்கு உள்ளேயே குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். கிழக்குக் கரையில் பாத்ஷீபா பக்கம் கதையே வேறு. அங்கே அட்லாண்டிக் நேராக மோதுகிறது. பார்க்க அழகு, குளிக்க ஆபத்து.

காற்று இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். சென்னையில் வியர்வை வழிந்து வெயிலை உணர்த்திவிடும். இங்கே வியர்வை உடனே உலர்வதால் தோல் எரிவது மாலையில் கப்பலில் குளிக்கும்போதுதான் தெரியும். மாநிறமோ கறுப்போ, எல்லாத் தோலும் கன்றும். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி சன்ஸ்கிரீன் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் ஒரு முறை என்றால் இருவருக்கு 200 மில்லி பாட்டில் ஒரே நாளில் தீர்ந்துவிடும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதி போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் பார்படோஸ் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

மரத்தடியில் உட்காருமுன் மரம் எது என்று பாருங்கள். அடுக்கடுக்காகக் கிளை விரித்து அகன்ற இலையோடு நிற்பது நம் ஊர் நாட்டு வாதாம், பயமில்லை. வட்ட இலைக் கடல் திராட்சையும் சரி. பளபளக்கும் சிறிய இலை, கீழே சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய் கிடந்தால் அது மான்சினீல். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் இலையில் வடியும் நீரே போதும் புண்ணாக்க. பல இடங்களில் சிவப்பு வளையமோ பலகையோ இருக்கும். இல்லாத இடத்திலும் குழந்தைகள் அந்தக் காயைப் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடியும் மூச்சுவிடும் குழலும் (ஸ்நோர்கெல்) இருந்தால் இந்த விரிகுடா பெரிய விருந்து. ஆமைகள் வரும். பழைய கப்பல்கள் சில ஆழமில்லாத நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. 1919-இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகை மேலே மிதந்தபடியே பார்க்கலாம். தனியாக நீந்திப் போகாமல், கரையில் கிளம்பும் படகில் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஆமையைத் தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு, மீன் சாப்பிடுகிறவர்கள் 'கட்டர்' கேளுங்கள்: உப்பு ரொட்டிக்குள் பொரித்த மீன். மேலே ஊற்றும் மஞ்சள் மிளகாய்ச் சாஸைக் கடுகு சாஸ் என்று நினைத்துவிட வேண்டாம், காரம் நம்மையே அசைக்கும். சைவர்களுக்கு மக்ரோனி பை, உருளைக்கிழங்கு கொண்டைக்கடலை ரொட்டி உண்டு. கப்பலிலிருந்து பழத்தையோ இறைச்சியையோ கரைக்குக் கொண்டுவர அனுமதி இல்லை.

உடையில் ஒரு சட்டம்: ராணுவ உடை போலத் திட்டுத்திட்டாக (கேமோஃபிளாஜ்) இருக்கும் துணி இங்கே யாருக்கும் தடை, குழந்தையின் தொப்பியும் சேர்த்தே. நீச்சலுடையோடு ஊருக்குள் நடப்பதையும் மரியாதைக் குறைவாகவே பார்ப்பார்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். எல்லோரும் 4.30-க்குள் கப்பலேற வேண்டும் என்றால் 3 மணிக்கு மணலை விட்டு எழுங்கள். கடைசி ஒரு மணி நேரம் துறைமுகச் சோதனை வரிசை நீளும். பார்படோஸ் நேரம் ஆண்டு முழுக்க மாறாது. குளிர்காலத்தில் புளோரிடா அதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கிருந்து வரும் கப்பல் தன் பழைய நேரத்திலேயே ஓடினால், கைப்பேசி காட்டுவது தீவு நேரம், அட்டவணையில் இருப்பது கப்பல் நேரம். மூன்று மணிக்கு வருகிறேன் என்று டாக்சிக்காரர் சொல்வது தீவு நேரம்தான். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். துறைமுக முகவரின் எண் இருக்கும் அன்றைய அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கப்பலில் கொடுத்த துவாலைகளை எண்ணி எடுங்கள். ஒன்று குறைந்தால் கணக்கில் பிடித்துவிடுவார்கள்.