பூட்டிக் கிடந்த வீட்டுக் கொல்லையை மீட்பது எப்படி? பிள்ளைகளுக்கான கைவேலைகளோடு ஒரு செய்முறை

பல வருடம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து கொல்லைக் கதவைத் தள்ளியதும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "ஜேசிபியைக் கூப்பிடு, ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடலாம்." தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அது மேல்மண்ணை வழித்துக் குவித்துவிடும், மீதி மண்ணைச் சக்கரத்தால் அழுத்திக் கெட்டிப்படுத்திவிடும், உங்கள் பாட்டி நட்ட கிழங்கும் வேரும் அதோடு போய்விடும். செத்துப்போனது போலத் தெரியும் கொல்லையில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கும், பொறுமையாகத் தேடினால் போதும்.

நான் எழுதப்போவது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து: கிணறு, இரண்டு தென்னை, வேலியோரம் பூவரசு, ஒரு மூலையில் வாழை. வேறு ஊரென்றால் செடிகளின் பேர் கொஞ்சம் மாறும், வேலை அதேதான். மே மாத விடுமுறைக்கு எல்லோரும் ஊரில் கூடுவதால் அப்போது ஆரம்பிப்பதுதான் வசதி. வெட்டுவதையும் பிடுங்குவதையும் எரிக்காமல் பிள்ளைகளின் கைவேலைக்குக் கொடுங்கள். வேலை செய்யச் சொன்னால் ஓடிவிடுகிற பிள்ளை, பீப்பி செய்யலாம் வா என்றால் தானாகக் கொல்லைக்கு வரும்.

1. கத்தியை எடுக்கும் முன்னால்

பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு முன் பெரியவர்கள் முடிக்கவேண்டிய காரியங்கள் சில உண்டு. கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டு மூடுங்கள், இதில் சமரசமே வேண்டாம். செங்கல் குவியல், ஓட்டுக் குவியல், மட்டைக் குவியல் எதிலும் வெறுங்கையை விடக்கூடாது. முழங்கால் வரை மூடும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் நீளக் கழியோடு தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து, தண்ணீர் தேங்கிய கொட்டாங்குச்சி, உடைந்த சட்டி, பழைய அம்மிக்குழி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இந்த மாதிரித் தண்ணீரில்தான்.

விஷச் செடிகளை அடையாளம் காட்டிப் பிள்ளைகளிடம் பேர் சொல்லி எச்சரியுங்கள்: அரளி, மஞ்சள் அரளிக் காய், ஊமத்தை, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு. குன்றிமணியைத் தனியாகச் சொல்கிறேன். பார்க்க அழகாக இருப்பதால் கைவேலைக்கு எடுக்கத் தோன்றும், ஆனால் துளை போட்ட, உடைந்த குன்றிமணி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு மணி வேண்டுமென்றால் ஆனைக்குன்றிமணி என்கிற மஞ்சாடி விதையை வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சிவப்பு, கறுப்புப் பொட்டு இருக்காது. அதையும் வாயில் போடுகிற வயதுக் குழந்தை பக்கத்தில் வைக்காதீர்கள்.

2. வெள்ளைத் துணி, சிவப்புத் துணி

பழைய வேட்டி ஒன்றையும் ஏதாவது சிவப்புத் துணி ஒன்றையும் நாடா நாடாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காப்பாற்றவேண்டிய செடிக்கு வெள்ளை, எடுக்கவேண்டியதற்குச் சிவப்பு. கட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு.

காய்ந்து குச்சியாக நிற்கும் செடியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனிக் குச்சி செத்திருந்தாலும் அடித்தண்டில் பச்சை இருக்கும், அதனால் மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள். மருதாணி, செம்பருத்தி, மல்லி, கறிவேப்பிலை எல்லாம் இப்படிப் பார்த்தால்தான் தெரியும். கறிவேப்பிலைத் தாய்மரமே பட்டுப்போயிருந்தால்கூடச் சுற்றிலும் வேரிலிருந்து கிளம்பிய கன்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சிவப்புத் துணி எதற்கெல்லாம்? சீமைக் கருவேலம், பார்த்தீனியம், சுவரில் முளைத்த அரசு, ஆல். சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும், கடப்பாரை போட்டு வேர்க்கட்டையோடு எடுக்கவேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பெரியவர்கள் மட்டும் பிடுங்குங்கள், தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு கடுமையாக வரும். சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டு அந்த வெடிப்பைப் பூசிவிடவேண்டும். சாமி மரம் என்று விட்டால் சுவரைப் பிளந்துவிடும், மனசு கேட்காவிட்டால் கோயில் குளக்கரையில் கொண்டுபோய் நடலாம்.

3. ஒரு மழை பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். புதரை எடுத்த பிறகு உடனே கொத்திப் புரட்டாதீர்கள். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்யட்டும், பெய்யாவிட்டால் நீங்களே நன்றாகத் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் பொறுத்திருங்கள். மண்ணுக்குள் தூங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மஞ்சள், சேம்பு, வேலியில் பிரண்டை, கிணற்றடியில் வல்லாரை. எங்கள் கொல்லையில் எங்கிருந்தோ ஒரு சேனை வந்தது. பாம்பு மாதிரிப் புள்ளி விழுந்த தடித்த தண்டு, உச்சியில் விரிந்த இலை. தெரியாதவர்கள் பயந்து வெட்டிவிடுவார்கள். வருவதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள்.

இந்த இரண்டு வாரம் சும்மா இருக்க வேண்டாம், கைவேலைக்குத்தான் இந்த நேரம்.

4. வெட்டியதில் என்னென்ன செய்யலாம்

*பூவரசம் பீப்பி.* நடுத்தர அளவில் கிழியாத இலை ஒன்று. காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள், ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி அதில் ஊதுங்கள். சத்தம் வரவில்லையென்றால் நசுக்கியது அதிகம் அல்லது சுருட்டியது தளர்வு. வேறு காரணம் இருக்காது.

*குரும்பை வண்டி.* தென்னையடியில் உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், நான்கு ஒரே அளவில் இருக்கட்டும். ஓர் ஈர்க்கில் இரண்டைக் கோத்தால் முன்சக்கரம், இன்னொன்றில் பின்சக்கரம். இரண்டு அச்சையும் நீள ஈர்க்குகளால் இணைத்து வாழைநாரால் கட்டுங்கள். நடுவே பெரிய குரும்பையை வைத்தால் வண்டி தயார்.

*ஓலைக் காத்தாடி.* பச்சைத் தென்னோலையில் ஈர்க்கை உருவிவிட்டு ஒரு சாண் நீளத் துண்டு எடுங்கள். சரியாக நடுவில் கருவேல முள்ளால் குத்துங்கள். ஒரு பக்கத்தில் மேல் ஓரம் முன்னால் வருகிற மாதிரியும் மறுபக்கத்தில் கீழ் ஓரம் முன்னால் வருகிற மாதிரியும் லேசாக முறுக்கவேண்டும், இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கினால் சுற்றாது. துளை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். முள்ளை ஒரு சோளத்தட்டையில் செருகிக் காற்றுக்கு எதிரே பிடியுங்கள். முள் குத்துகிற வேலை மட்டும் பெரியவர்களுடையது.

*தையல் இலை.* எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒருகாலத்தில் ஊர்த் திண்ணைகளில் பெண்கள் பேசிக்கொண்டே தைத்து அடுக்கிய இலை, இன்று அதைத் தைக்கத் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிவிடவேண்டும். ஆலிலை, மந்தாரை, வாதாம் மரத்து இலை எதுவும் சரி. ஆலிலையென்றால் காம்பைக் கிள்ளிப் பால் வடியவிடுங்கள். கழுவித் துடைத்து ஒரு மணி நேரம் நிழலில் வாடவைத்தால் தைக்கும்போது ஒடியாது. பெரிய இலையொன்றை நடுவில் வைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி மற்ற இலைகளைச் சுற்றி அடுக்குங்கள். ஓர் இலையின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததன் மேல் ஏறியிருக்க வேண்டும். மெல்லிய ஈர்க்கை மேலிருந்து குத்தி அடியில் இறக்கி, அரை அங்குலம் தள்ளி மறுபடி மேலே வாங்கி, மீதியை அந்த இடத்திலேயே ஒடித்துவிடுங்கள். டக்கென்று ஒடியும் அந்தச் சத்தம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். முதலில் தைக்கிற இலை கோணலாகத்தான் வரும், அதிலேயே சுண்டல் போட்டுக் கொடுங்கள். பரிமாறும் முன் தனியாக உதிர்ந்த ஈர்க்குத் துண்டு கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

*செடிச் சாயம்.* சங்குப்பூ ஒரு கைப்பிடியை அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். அதில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதா, இன்னொரு கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிவு கலந்தால் பச்சை. ஒரு பூவில் மூன்று நிறம்! அப்புறம், வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். ஈர்க்கு நுனியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு அதில் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே காரணம்தான். சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டும் கையாளவேண்டும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. இந்த நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் படத்தை ஏதாவது நோட்டுக்குள் வையுங்கள்.

5. மண்ணும் ஆடிப் பட்டமும்

மண்வெட்டி போட்டால் எழும்பாத அளவுக்கு மண் இறுகியிருந்தால் முழுக் கொல்லையையும் கொத்த முயலாதீர்கள், இடுப்பு போய்விடும். மூன்றடி அகலத்துக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்து அதை மட்டும் ஓர் அடி ஆழம் கொத்துங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு பொறுக்கி வெயிலில் காயப்போடவேண்டும், மேலே மட்டும் பிடுங்கினால் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். இடிந்த சுவரின் சுண்ணாம்புக் காரை கலந்த இடத்தில் காய்கறி சரியாக வராது, காரையை முடிந்தவரை பொறுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தை நடைபாதையாக விடுவது உத்தமம். கொத்திய பாத்தியில் மக்கிய சாணி எரு, மேலே காய்ந்த சருகு மூடாக்கு. உடைந்த நாட்டு ஓடுகளைப் பாத்தி ஓரத்தில் வரிசையாகச் செருகுங்கள், மீந்த சில்லுகளில் பிள்ளைகள் செடிப் பேரை எழுதி நட்டுவைக்கட்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சும்மா சொன்னதல்ல. ஜூலை நடுவிலிருந்து விதைத்தால், ஐப்பசி அடைமழைக்கு முன் செடி வேர்பிடித்து நின்றுவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி விட்டு ஊன்றினால் 45 நாள் சுமாருக்குக் காய் பறிக்கலாம். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் குழம்புக்கு வந்துவிடும், பிள்ளைக்குக் கீரைப் பாத்தியைக் கொடுங்கள், அதற்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்குத் துணிந்து வெட்டலாம், புதுக்கிளையில்தான் பூ வரும். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். அடைமழைக்கு முன்னால் கொல்லைத் தண்ணீர் வெளியேற வாய்க்கால் இருக்கிறதா என்று பார்த்துத் தூர்வாரிவிடவேண்டும், டெல்டா மண்ணில் தண்ணீர் தேங்கினால் இதுவரை செய்ததெல்லாம் அழுகிப்போகும். வாழையை மட்டும் கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற பக்கம் வையுங்கள், அதற்கு அது வேண்டும்.

6. கார்த்திகையில் மல்லி

பழைய மல்லிப் புதரைக் கண்டபோதெல்லாம் வெட்டக்கூடாது. நவம்பர் கடைசியில், தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டி, காய்ந்த கிளையையும் உள்ளுக்குள் பின்னிக் கிடப்பதையும் எடுத்துவிட்டு, அடியைக் கொத்தி எரு வைத்தால் பங்குனி வாக்கில் மொட்டு விடும். பூ வரும் நேரத்துக்கு வாழைநார் தயாராக இருக்கட்டும்: குலை வெட்டிய வாழையின் மட்டையை உரித்து நிழலில் காயவைத்து மெல்லிசாகக் கிழித்துக் கட்டி வைத்தால் போதும், கட்டும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

வெட்டிய மல்லிக் கிளையைத் தூக்கிப் போடாதீர்கள். ரொம்ப முற்றாததாகப் பார்த்து மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, அடியில் கண்ணைத் துளைத்த கொட்டாங்குச்சியில் மணலும் மக்கிய எருவும் போட்டு, ஒரு கணு உள்ளே போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். எல்லாம் பிழைக்காது, அதனால் வேண்டியதுக்கு இரண்டு மடங்கு ஊன்றுங்கள். துளிர் விட்டதுமே வேர் வந்துவிட்டது என்று நினைத்து இழுத்துப் பார்க்கக்கூடாது, தண்டில் இருக்கிற சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். கொட்டாங்குச்சித் துளையில் வேர்நுனி வெள்ளையாகத் தெரிந்த பிறகு பட்டணத்துச் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தனுப்பலாம்.