பிரான்சில் அக்கம்பக்கத்தாரிடம் பிரெஞ்சு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஃப்ட்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு மாடி ஏற வேண்டியிருக்கும். இலக்கணம் தப்பிவிடுமோ என்ற பயத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நிற்போம். பிரான்சுக்கு வந்த புதிதில் பெரும்பாலானோர் செய்கிற தவறு இதுதான், நானும் ஆறு மாதம் இப்படி நின்றிருக்கிறேன். அங்கே யாரும் நம் வினைச்சொல் விகுதியைச் சரிபார்ப்பதில்லை, 'போன்ஜூர்', அதாவது வணக்கம், வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நம் ஊரில் ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு போதும். இங்கே வாய் திறந்து சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். 'போன்ஜூர் மதாம்', 'போன்ஜூர் மெசியே' என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

எதையாவது கேட்கப் போகும்போதும் அப்படித்தான். நம் பார்சலை எதிர்வீட்டம்மா வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதவைத் தட்டியதும் நேராக "என் பார்சல் உங்களிடம் இருக்கிறதா" என்று ஆரம்பித்தால், அவர் பதில் சொல்லாமல் நிதானமாக "போன்ஜூர்" என்பார். நாம் விட்டதை எடுத்துக்கொடுக்கிறார் என்று அர்த்தம். அதே நாளில் இரண்டாம் முறை பார்த்தால் திரும்பவும் போன்ஜூர் வேண்டாம், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டோம் என்று தோன்றும். 'ரெபோன்ஜூர்' என்றால் சரி. சாயங்காலம் சந்திக்கும்போது 'போன்சுவார்', பிரியும்போது 'போன் சுவாரே', தூங்கப் போகிறவரிடம் மட்டும் 'போன் நுயி'.

நலம் விசாரிப்பதை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். "சாப்பிட்டீங்களா" என்பதை பிரெஞ்சில் கேட்டால், நாம் சாப்பிடக் கூப்பிடப் போகிறோம் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். 'சா வா?' (நலமா?) என்று கேட்டால் 'சா வா, எ வூ?' (நலம், நீங்கள்?) போதும், மூட்டுவலி வரைக்கும் போக வேண்டாம்.

அப்புறம் 'தியு' (நீ), 'வூ' (நீங்கள்). நமக்கு நீ, நீங்கள் இருப்பதால் இது சுலபம் என்று நினைக்கிறோம், அங்கேதான் சறுக்குகிறது. நம்மிடம் பெரியவர் 'நீ' என்பார், சின்னவர் 'நீங்கள்' என்பார். இங்கே எழுபது வயதுப் பாட்டி இருபத்தைந்து வயதுப் பையனையும் 'வூ' என்றுதான் அழைப்பார், அது ஒதுக்கிவைப்பது அல்ல. 'ஓன் பெ ஸ தியுதுவாயே?', அதாவது ஒருவரையொருவர் 'தியு' என்று அழைத்துக்கொள்ளலாமா, என்று அவரே கேட்கும்வரை நாமும் 'வூ'விலேயே இருக்க வேண்டும். ஆனால் அப்படிக் கேட்ட பிறகும் மரியாதை என்று நினைத்து 'வூ' போட்டால், நீட்டிய கையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். குழந்தைகளிடம் தாராளமாக 'தியு'.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ள நேரம் இருந்தால், மேலே என்பதற்கான 'தெஸ்யு'வையும் கீழே என்பதற்கான 'தெஸூ'வையும் திருத்துங்கள். முதல் சொல்லில் வருகிற உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. நாக்கை 'இ' சொல்வது போல வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'உ' போலக் குவிக்க வேண்டும். ஒருநாள் எங்கள் குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல்வீட்டுக்காரரிடம் போய், மேலேயிருந்து வருகிறது என்று சொல்வதாக நினைத்து 'தெஸூ' என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் எப்படிக் கீழேயிருந்து வரும் என்று அவர் நெற்றியைச் சுருக்கினார், கடைசியில் கூட்டி வந்து ஈரக்கறையைக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

அன்றைக்கு அவர் ஒரு படிவத்தை எடுத்து வந்தார், நான் கையெழுத்துப் போடத் தயங்கினேன். அதுவும் ஒரு தவறு. நீர்க்கசிவுக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிரப்புகிற 'கொன்ஸ்தா' அது. எங்கிருந்து கசிந்தது, எது நனைந்தது என்று குறித்து அவரவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு 5 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். புரியாத சொல்லை அவரிடமே கேளுங்கள், புரிந்த பிறகு கையெழுத்திடுங்கள்.

சத்தம் விஷயத்தில், இரவு 10 மணி வரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நம்புகிறார்கள். பகலிலும் அளவு மீறினால் அபராதம் உண்டு. வீட்டில் பிறந்தநாள் விழா என்றால் இரண்டு நாள் முன்பே நுழைவாசலில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுங்கள், எழுதிப் பழகவும் நல்ல வாய்ப்பு.

நாம் திணறுவதைப் பார்த்து அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் நாமும் கூடவே மாறிவிடுகிறோம். பிரெஞ்சு கற்கிறேன், பிரெஞ்சிலேயே பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக வேகத்தைக் குறைப்பார்கள்.

1999இல் பாரிஸின் 17ஆம் வட்டாரத்தில் தொடங்கிய 'ஃபெத் தே வுவாஸான்', அதாவது அண்டைவீட்டார் விழா, மே மாதக் கடைசி வாக்கில் வரும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய் முற்றத்தில் வைத்துச் சாப்பிடுவார்கள். கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் 'மெர்சி' சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தட்டு நகர்ந்துவிடும், வேண்டுமென்றால் 'வுய், வொலோந்தியே'. நீங்கள் வடையும் ஊறுகாயும் கொண்டுபோனால், காரத்துக்கு 'பிக்கான்', 'ஷோ' என்றால் சூடு. பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்கவில்லை என்று சொல்ல ஆங்கிலச் சொல்லை வைத்து 'பிரெஸெர்வதீஃப்' என்று ஊகிக்காதீர்கள், அது ஆணுறை. 'சான் கொன்செர்வதேர்' என்று சொல்லுங்கள்.