ஆயில் இன்ஜினில் டீசல் பம்ப்பைக் கழற்றி மாட்டிய பிறகு டைமிங் வைப்பது எப்படி

பம்ப்பைக் கழற்றும்போது அதன் அடியில் எத்தனை ஷிம் (மெல்லிய தகடு) இருந்தது என்று நான் எண்ணவில்லை. நான் செய்த முதல் தவறு அதுதான்.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் கிணற்றில் ஓடுவது 5 எச்.பி. சிங்கிள் சிலிண்டர் இன்ஜின். பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் எலிமென்ட் தேய்ந்து ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்ததால் பம்ப்பை வேலூருக்குக் கொண்டுபோய் எலிமென்ட் மாற்றி வந்தேன். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) தண்ணீர் கட்டியாக வேண்டிய நேரம், அவசரமாக மாட்டினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றி கம்ப்ரஷனைத் தளர்த்திப் பிடிக்கும் டிகம்ப்ரஷன் லீவரை விட்டதும் ஹேண்டில் எதிர்ப்பக்கம் திருப்பி அடித்தது. மணிக்கட்டு நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. மறுபடி சுற்றினேன், ஓடியது. ஆனால் உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோலச் சத்தம். வரப்பில் நின்ற நைனா, "நிறுத்துடா, உடைஞ்சிடப் போவுது!" என்று கத்தினார்.

காரணம் இதுதான். இன்ஜின் சுற்றும்போது கேம் என்ற மேடுள்ள பாகம் டேப்பெட் என்ற கட்டையைத் தூக்க, டேப்பெட் பம்ப்புக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டைத் தூக்குகிறது. பிளஞ்சர் மேலேறி டீசல் வரும் துளையை மூடும் நொடியில்தான் பம்ப் அழுத்த ஆரம்பிக்கும், டைமிங் என்பது அந்த நொடிதான். பம்ப்புக்கு அடியில் ஷிம் வைத்தால் பம்ப் உடம்பு கேமிலிருந்து சற்று உயரும், பிளஞ்சர் துளையை எட்ட நேரமாகும். ஷிம் குறைந்தால் டைமிங் முந்தும், கூடினால் பிந்தும். முந்தினால் அடிக்கும், ஹேண்டிலைத் திருப்பும். பிந்தினால் வெள்ளைப் புகை வரும், இழுவை இருக்காது, சைலன்சர் அதிகமாகச் சுடும். எலிமென்ட் மாற்றினால் ஷிம் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் டைமிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

சத்தத்தைக் கேட்டே வைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பம்ப்பிலிருந்து டீசல் சொட்டு நிற்கும் இடத்தைப் பார்த்து வைப்பதுதான் சரி.

முதலில் டாப்பை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சக்கரத்தில் குறி இருந்தால் நல்லது. எங்களுடையதில் துரு தின்றுவிட்டது. பிஸ்டன் உச்சியில் சில டிகிரிக்கு அசையாததுபோல நிற்கும், அதனால் கண்ணால் பார்த்து டாப் சொல்ல முடியாது. டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளையில் உள்ளே விழாதபடி தலை பெரிதான கம்பி ஒன்றை அசையாமல் பிடிக்கும்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் கம்பியில் வந்து முட்டி நிற்கும். இன்ஜின் உடம்பில் நிலையான ஒரு முனைக்கு நேரே சக்கரத்தில் குறி போடுங்கள். இப்போது எதிர்ப்பக்கம் திருப்புங்கள், இன்னொரு இடத்தில் முட்டும். அங்கும் குறி. இரண்டுக்கும் நட்ட நடு டாப். பலமாகத் தள்ள வேண்டாம், தொட்டால் போதும். நான் முதலில் சாக்பீஸில் குறித்தேன், டீசல் பட்டு அழிந்தது. வீட்டில் இருந்த நகப்பாலிஷ் அழியவில்லை.

அடுத்து டிகிரியை மில்லிமீட்டராக மாற்றுவது. இதற்கு இரும்பு டேப் வேண்டாம், வளையாது. தையல்காரர் டேப்தான் சக்கரத்தோடு ஒட்டி வளையும். சுற்றளவை அளந்து 360-ஆல் வகுங்கள். எங்கள் சக்கரம் 1440 மி.மீ., அப்படியானால் ஒரு டிகிரிக்கு 4 மி.மீ. எங்கள் இன்ஜினில் டாப்புக்கு 23 டிகிரி முன்னால் பம்ப் அழுத்த ஆரம்பிக்க வேண்டும், அதாவது டாப் குறியிலிருந்து 92 மி.மீ. தள்ளி ஒரு குறி. கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் காணப்படும் 1500 ஆர்.பி.எம். கிர்லோஸ்கர் சிங்கிள் சிலிண்டருக்கும் 23 டிகிரிதான். ஆனாலும் உங்கள் இன்ஜின் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எடுங்கள். மெதுவாக ஓடும் பழைய இன்ஜின்களுக்குக் கணக்கு வேறு. சக்கரம் ஓடும்போது எந்தக் குறி முதலில் முனைக்கு வருமோ அதுதான் டாப்புக்கு முந்திய குறி. இதைப் பக்கம் மாற்றிப் போட்டால் மற்ற எல்லாம் வீண்.

இப்போது சொட்டு. ஹை பிரஷர் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரை அவிழ்த்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் வால்வையும் வெளியே எடுத்து, சுத்தமான டீசல் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். வேஸ்ட் துணியால் துடைக்காதீர்கள், ஒரு நூல் ஒட்டினாலும் வால்வு உட்காராது. ஸ்க்ரூ ஸ்பானரையும் தொடாதீர்கள், ரிங் ஸ்பானர்தான். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, பழைய பைப்பில் ஒரு சாண் அறுத்து அன்னக்கழுத்துபோல வளைத்து மேலே பொருத்துங்கள். டேங்க் மேலே இருப்பதால், அதன் குழாயைத் திறந்ததும் பைப் வாயில் டீசல் தானாக வழியும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எத்தனை சுற்றுச் சுற்றியும் டீசல் நிற்கவே இல்லை. அரை நாள் போனது. ஸ்டாப் லீவர் நிறுத்தும் நிலையிலேயே இருந்திருக்கிறது. அந்த நிலையில் பிளஞ்சரின் செங்குத்துப் பள்ளம் துளைக்கு நேராக நிற்கும், பிளஞ்சர் மேலே போனாலும் டீசல் பள்ளம் வழியே போய்க்கொண்டே இருக்கும். லீவரை ஓடும் நிலையில் வைத்த பிறகுதான் நின்றது. இன்னொன்று, இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பம்ப் கேம் தூக்கும். வால்வுகளை அழுத்தும் ராக்கர் இரண்டும் தளர்ந்து ஆடினால் கம்ப்ரஷன் டாப், அந்தச் சுற்றில் பாருங்கள்.

ஓடும் திசையிலேயே, மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒழுகல் நூலாகும், நூல் சொட்டாகும், கடைசிச் சொட்டு பைப் வாயில் தொங்கி அப்படியே நிற்கும். அங்கே நிறுத்தி, முனைக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், கியர் இடைவெளி பொய்க் கணக்குக் காட்டும். கால் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். மூன்று முறை ஒரே இடத்தில் நின்றால்தான் நம்புவேன்.

எனக்கு முதலில் 112 மி.மீ. காட்டியது, 5 டிகிரி முந்தியிருந்தது. ஷிம் ஒன்று வைத்து மறுபடி பார்த்தேன், இரண்டாவது வைத்ததும் 92-க்கு வந்தது. ஒரு ஷிம் எத்தனை டிகிரி மாற்றும் என்பது கேமையும் ஷிம் கனத்தையும் பொறுத்தது, ஒவ்வொன்றாக வைத்து அளப்பதே வழி. பிறகு வால்வையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, டீசல் பைப்பில் நிற்கும் காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள், திருப்பி அடித்தால் கை நழுவிப் போகட்டும். நாசில் தெளிப்புக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், எல்லாம் செய்தும் ஷிம் கணக்கு பிந்தியே வருகிறது என்று எழுதியிருந்தார். அவர் ஷிம்மோடு கனமான அட்டையையும் பேக்கிங்காக வெட்டி வைத்திருக்கிறார். அட்டையும் பம்ப்பைத் தூக்கும், அதுவும் ஷிம் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொரு பின்சேர்க்கை, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பம்ப்பை உட்கார வைக்கும்போது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் ராக்கில் உள்ள சிறு முளை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கவட்டைக்குள் போய் உட்கார வேண்டும். வெளியே நின்றுவிட்டால் கவர்னருக்குப் பிடி இருக்காது, ஸ்டார்ட் ஆன இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். போல்ட் முடுக்கியதும் ஸ்டாப் லீவரை அசைத்து ராக் கூடவே அசைகிறதா என்று பார்த்த பிறகே ஹேண்டிலைத் தொடுங்கள். முதல் முறை ஓட்டும்போது, வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை அடைத்து நிறுத்தும் அளவுக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள், கையால் பொத்தப் போகாதீர்கள்.